ஒரே ஓர் எழுத்தைச் சோதிக்க எந்த வழி? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு புரொமோட்டர் ஆய்வு

மனித மரபணு ஒன்றின் புரொமோட்டரை, அதாவது அந்த மரபணுவை ஓட்டும் முன்பகுதியை, ஆராய வேண்டும். இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. சிறிய கல்லூரி ஆய்வகம், அளவான நிதி. எந்த முறையைக் கையில் எடுப்பது? கீழக்கரை, தொண்டி, ராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதில் பாதி இந்தக் கேள்விதான். பாடப்புத்தகத்தில் ஆறேழு முறைகள் வரிசையாக இருக்கும். எது எதற்கு ஆகும், நம் கரையில் இருந்துகொண்டு எதைச் செய்ய முடியும் என்பது அதில் இருக்காது. ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு அதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

மரபணு டஃபி. இப்போதைய முறையான பெயர் ஏசிகேஆர்1. முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. இதை எடுத்ததற்குக் காரணம் நம் ஊர்தான். ராமேஸ்வரம் தீவும் அதையொட்டிய கரையும் நெடுங்காலம் மலேரியாவோடு மல்லுக்கட்டிய இடங்கள். இங்கே வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ வயதான யாரைக் கேட்டாலும், எத்தனை போர்வை போர்த்தினாலும் அடங்காத அந்தக் குளிர்காய்ச்சலையும் கசக்கும் குளோரோகுயின் மாத்திரையையும் பற்றிச் சொல்வார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் பிரைமாகுயினை 14 நாள் விடாமல் சாப்பிடச் சொல்வதற்குக் காரணம், வைவாக்ஸ் கிருமி ஈரலுக்குள் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துக்கூடத் திரும்ப எழும் என்பதுதான். அந்தக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையும்போது பற்றிக்கொள்வது, அணுவின் மேற்பரப்பில் இருக்கும் டஃபி புரதத்தை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலானவர்களின் சிவப்பணுவில் இந்தப் புரதமே கிடையாது. அங்கே வைவாக்ஸ் மிக அரிது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை 1970-களின் நடுவில் லூயிஸ் மில்லர் குழுவினர் காட்டினார்கள். புரதம் ஏன் இல்லை என்பதற்கு விடை 1995-இல் வந்தது. புரதத்துக்கான குறியீட்டில் அதை நிறுத்தும் பழுது எதுவும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள புரொமோட்டரில், ஏ, டி, ஜி, சி என்ற நான்கு டிஎன்ஏ எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து, டி இருக்க வேண்டிய இடத்தில் சி. அவ்வளவுதான். சி-டி-டி-ஏ-டி-சி-டி என்பது சி-டி-டி-ஏ-சி-சி-டி ஆகிவிட்டது. எதிர் இழையில் வாசித்தால் ஏ-ஜி-ஏ-டி-ஏ-ஏ-ஜி. அதற்குள் ஜி-ஏ-டி-ஏ இருப்பது கண்ணில் படும். ரத்த அணு உருவாக்கத்தை நடத்தும் காட்டா-1 என்ற புரதம் வந்து உட்காரும் இடம் அது. எழுத்து மாறியதும் அது ஜி-ஜி-டி-ஏ ஆகிறது, காட்டா-1 உட்காருவதில்லை, சிவப்பணு வரிசையில் மரபணு பேசுவதில்லை.

என்னை இந்த மரபணுவிடம் கட்டிப்போட்டது அடுத்த செய்தி. இந்த ஓர் எழுத்து மாறியவர்களுக்கும் சிறு ரத்தநாளங்களின் உட்சுவரில் டஃபி புரதம் வழக்கம்போல் இருக்கிறது. சிறுமூளையின் புர்கின்ஜி செல்களிலும் இருக்கிறது. உடம்பு முழுக்க ஒரே டிஎன்ஏ, ஒரே மாற்றம், ஆனால் அணைந்தது ஒரு வகைச் செல்லில் மட்டும். புரொமோட்டர் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மரபணு எனக்குத் தெரியவில்லை. கதை முழுக்க மூடிவிடவும் இல்லை. 2010-இல் மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் தொற்று இருப்பதைக் கண்டார்கள். ஆகவே இதைத் தொடும் மாணவர் முடிந்துபோன விஷயத்தைத் தொடவில்லை.

முறைகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஓர் எழுத்தைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம். காட்டா-1 இங்கே ஒட்டுமா? ஒட்டினால் அது மரபணுவை ஓட்டுமா? குரோமோசோமில் அதன் சொந்த இடத்தில் அந்த எழுத்து இல்லாவிட்டால் மரபணு நின்றுவிடுமா? பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குவது முதல் கேள்விக்கான சோதனையைச் செய்துவிட்டு மூன்றாவதற்கான முடிவை எழுதும்போதுதான். எந்த முறையும் மூன்றுக்கும் சேர்த்து விடை தராது. எனவே முறையைத் தேடுமுன் உங்கள் கேள்வியின் வினைச்சொல் ஒட்டுவதா, ஓட்டுவதா, நிற்பதா என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

மாணவர்கள் முதலில் சொல்வது களஆய்வைத்தான். "மேடம், எங்க ஊர்லயே இருநூறு பேர்கிட்ட ரத்தம் எடுத்து அந்த எழுத்தைப் பார்த்துடலாமே?" என்று போன வருடம் ஒரு பெண் கேட்டாள். "எடுத்தா என்ன வரும்னு இப்பவே சொல்லிடலாம்மா" என்றேன். இந்தியாவில் அந்த சி எழுத்து மிக அரிது. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்தார் போன்றோரை விட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் டி-தான். சோதனை எளிதுதான். எழுத்து மாறினால் அந்த இடத்தில் ஸ்டைஐ என்ற நொதி வெட்டும் இடம் ஒன்று புதிதாக உருவாகும். பிசிஆர் செய்து, நொதியைப் போட்டு, அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் ஒரே நாளில் தெரிந்துவிடும். எளிது என்பதற்காக விடை தெரிந்த கேள்விக்கு மீனவக் குப்பத்தில் வீடு வீடாக ஊசியோடு போவது சரியில்லை. மலேரியா ஊழியர்களிடம் விரல் நீட்டி நீட்டி அலுத்துப்போன மக்கள் அவர்கள். அவர்களிடம் எடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் அவர்களுக்கோ அறிவியலுக்கோ ஏதாவது கிடைக்க வேண்டும்.

களத்தில் இறங்கித்தான் தீருவேன் என்பவர் மரபணுவை மாற்றிக்கொள்ளலாம். யுஜிடி1ஏ1 மரபணுவின் புரொமோட்டரில் உள்ள டாட்டா பகுதியில் டி-ஏ என்ற இரட்டை எழுத்து வழக்கமாக 6 முறை வரும். இரு படிகளிலும் 7 முறை வருபவர்களில் பலருக்கு கில்பர்ட் என்ற நிலை இருக்கும். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் லேசாக மஞ்சளாகும், வேறு ஆபத்தில்லை. இது இந்தியாவில் அரிதல்ல. கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபின் அளவை எந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் பார்க்கலாம். மஞ்சள் காமாலை என்று பயந்து, பத்தியம் இருந்து, நாட்டு மருந்துக்கு அலைபவருக்கு "இது நோயல்ல" என்று சொல்ல முடிகிற ஆய்வு அது. புரொமோட்டரையும் மனிதரையும் நேராக இணைக்க அதற்கு நிகர் இல்லை. டஃபிக்கு அந்த வழி பொருந்தாது.

அடுத்தது கணினி. செலவில்லை, மின்சாரமும் இணையமும் போதும். யுசிஎஸ்சி, என்செம்பிள், ஜாஸ்பர், என்கோட் என்ற மரபணுத் தரவுத்தளங்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். காட்டா புரதம் விரும்பும் வடிவம் ஆறெழுத்து. நடுவில் ஜி-ஏ-டி-ஏ நிலையானது, முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் இரண்டு எழுத்துகளில் ஏதாவது ஒன்று வரலாம். கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை இறைத்தாலே 1,024 இடத்துக்கு ஒரு முறை இது அமையும். இரு இழைகளையும் சேர்த்தால் 512-க்கு ஒன்று. சுமார் 300 கோடி எழுத்துள்ள மனித மரபணுத் தொகுப்பில் அப்படி ஏறக்குறைய 60 லட்சம் இடங்கள் வரும். காட்டா-1 உண்மையில் உட்காருவது அதில் மிகச் சிறிய பங்கில்தான். ஆகவே, மென்பொருள் உங்கள் புரொமோட்டரில் ஒரு காட்டா தளத்தைக் காட்டினால் அது செய்தியே அல்ல. என்கோட்டில் கே562 என்ற ரத்தப் புற்றுச் செல்லில் எடுத்த காட்டா-1 தரவை அதன் மேல் போட்டு, அங்கே உண்மையில் மேடு எழும்புகிறதா என்று பார்த்தால்தான் பேச்சுக்கு இடமுண்டு. கணினியில் உட்காரும்போதே இன்னொரு சிக்கலையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இதே எழுத்தை சில கட்டுரைகள் −33 என்றும் சில −46 என்றும் சில −67 என்றும் குறிப்பிடும். எண்ணத் தொடங்கும் இடம் வேறு, எழுத்து ஒன்றுதான். ஆர்எஸ்2814778 என்ற தரவுத்தள எண்ணைப் பிடித்துக்கொண்டால் குழப்பமில்லை.

ஒட்டுமா என்ற கேள்விக்கு நேர்விடை தருவது ஜெல் ஷிப்ட். 1981-இல் இருந்து இருக்கும் முறை. முப்பது எழுத்து நீளமுள்ள இரட்டை இழை டிஎன்ஏ துண்டை அடையாளமிட்டு, செல்லின் உட்கருச் சாற்றோடு கலந்து, இயல்புநிலைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுவார்கள். வெறும் துண்டு வேகமாக அடிக்கு ஓடிவிடும். புரதம் பிடித்த துண்டு கனத்துப்போய் மேலேயே நிற்கும். டி எழுத்துத் துண்டுக்கு மேலே ஒரு பட்டை, சி எழுத்துத் துண்டுக்கு அந்த இடம் காலி. காட்டா-1 எதிர்ப்புரதத்தைச் சேர்த்தால் பட்டை இன்னும் மேலே ஏறும், பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். பார்க்க அழகான சோதனை. பழைய நூல்கள் சொல்லும் கதிரியக்க பாஸ்பரஸ்-32 நமக்கு வேண்டாம். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், பாதி ஆயுள் 14 நாள்தான், பார்சல் வந்து சேர்வதற்குள் பலம் குறையும். பயோட்டின் அல்லது ஒளிரும் சாய அடையாளம் போதும். ஆனால் இந்தச் சோதனை குழாய்க்குள் நடப்பது. செல்லுக்குள் அந்த இடம் புரதச் சுருளுக்குள் மூடிக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒட்டும் என்று சொல்லும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

நம் ஆய்வகங்களுக்கு என் முதல் தேர்வு லூசிஃபெரேஸ் சோதனை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும் இதுதான். புரொமோட்டர் துண்டை வெட்டி, மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் மரபணுவுக்கு முன்னால், பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் ஒட்டவைத்து, செல்லுக்குள் செலுத்துகிறோம். புரொமோட்டர் ஓட்டினால் ஒளி வரும், அதை லூமினோமீட்டர் எண்ணாகச் சொல்லும். கூடவே ரெனில்லா என்ற கடலுயிரியின் ஒளி மரபணுவையும் வேறொரு நிலையான புரொமோட்டரோடு சேர்த்து அனுப்புவோம். ரெனில்லா நம் மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு உறவான உயிரி. இந்த இரண்டாவது ஒளி எதற்கு? ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். செல் வளர்க்கும் தட்டில், டி எழுத்துக் குழியில் மின்மினி ஒளி 48,000, ரெனில்லா 12,000. சி எழுத்துக் குழியில் மின்மினி 27,000, ரெனில்லா 30,000. மின்மினியை மட்டும் பார்த்தால் ஏதோ பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். வகுத்துப் பார்த்தால் ஒன்று 4, மற்றது 0.9. இரண்டாவது குழியில் பிளாஸ்மிட் நிறைய ஏறியதால் உண்மையான வீழ்ச்சி மறைந்து கிடந்தது. இந்த வகுத்தல் இல்லாத லூசிஃபெரேஸ் முடிவை நான் படிப்பதே இல்லை.

குறைந்தது நான்கு பிளாஸ்மிட் வேண்டும்: புரொமோட்டரே இல்லாத வெற்று, டி எழுத்து, சி எழுத்து, காட்டா தளத்தை முழுக்கக் கலைத்துப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று குழி, வேறு வேறு நாட்களில் குறைந்தது மூன்று முறை. ஒரே நாளில் எடுத்த மூன்று குழியை மூன்று சோதனை என்று கணக்குக் காட்டாதீர்கள். ஒரு நாள் என்பது ஒரு சோதனைதான்.

இதில் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது செல் தேர்வு. எந்த ஆய்வகத்திலும் ஹெக்293 என்ற செல் இருக்கும். தட்டில் ஒட்டி வளரும், பிளாஸ்மிடைச் சுலபமாக ஏற்கும். அதனால் எல்லோர் கையும் அதற்குத்தான் போகும். ஆனால் அது மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல், அதில் காட்டா-1 கிடையாது. அதில் டி, சி இரண்டுக்கும் வித்தியாசம் வராது. "இந்த எழுத்துக்கு வேலை இல்லை" என்று ஒரு தப்பான முடிவு ஆய்வேட்டில் ஏறிவிடும். சிவப்பணு வழிச் செல் வேண்டும். கே562 புணே என்சிசிஎஸ் செல் வங்கியில் கிடைக்கும். அதில் காட்டா-1 தாராளமாக உண்டு. மிதந்து வளரும் செல் என்பதால் பிளாஸ்மிடை உள்ளே செலுத்தும் லிப்பிட் வகை மருந்துகளுக்கு அவ்வளவாக மசியாது, மின்துடிப்பு முறைதான் நல்லது. அந்தச் சாதனம் இல்லாதவர்களுக்கு ஒரு மாற்றுவழி உண்டு. காட்டா-1 இல்லாத ஹெக்293-க்குள் காட்டா-1 தயாரிக்கும் பிளாஸ்மிடையும் சேர்த்து அனுப்புங்கள். சேர்த்தபோது டி எழுத்து மட்டும் ஒளிர்ந்து, சேர்க்காதபோது இரண்டும் மங்கலாகவே இருந்தால், ஓட்டுவது காட்டா-1 என்பதற்கு அது கே562-ஐவிடவும் சுத்தமான சாட்சி. ரத்தநாள உட்சுவர்ச் செல் ஒன்றையும் மூன்றாவதாக வைத்துக்கொண்டால், அங்கே சி எழுத்து ஏன் தடையாகவில்லை என்ற அந்த அழகான கேள்வியையும் தொடலாம்.

லூசிஃபெரேஸின் குறை பெரியது, மறைக்க வேண்டாம். பிளாஸ்மிட் குரோமோசோம் அல்ல. விசைப்படகு இன்ஜினைக் கழற்றி, கரையில் மேடை போட்டு ஓட்டிப் பார்ப்பது போல. இன்ஜின் ஓடுகிறது, எந்தப் பகுதியைக் கழற்றினால் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். கடலில் படகை அது இழுக்குமா என்பது தெரியாது. தூரத்திலிருந்து உதவும் என்ஹான்சர், டிஎன்ஏ சுருட்டப்பட்டிருக்கும் விதம், மீதைல் முத்திரைகள் எல்லாம் இந்தச் சோதனைக்கு வெளியே நிற்கின்றன. ஓட்டுமா என்ற இரண்டாம் கேள்விக்கு மட்டும் இதை நம்புங்கள்.

சிப் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் நிலைக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. உயிருள்ள செல்லில் ஃபார்மால்டிஹைடு ஊற்றிப் புரதத்தை டிஎன்ஏவோடு பூட்டி, துண்டாக்கி, காட்டா-1 எதிர்ப்புரதத்தால் பிடித்தெடுத்து, அதில் நம் புரொமோட்டர் இருக்கிறதா என்று கியூபிசிஆர் பார்ப்பது. சொந்த இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்பதற்கு இதுதான் விடை. ஆனால் ஒருமுறைக்குக் கோடிக்கணக்கில் செல் வேண்டும், எதிர்ப்புரதம் நன்றாக இல்லாவிட்டால் எல்லாம் பாழ், கே562-க்கு உலகத் தரமான தரவு ஏற்கெனவே இலவசமாகக் கிடக்கிறது. 2017-இல் வந்த கட்-அண்ட்-ரன் முறைக்குச் செல் மிகக் குறைவாகப் போதும். சொந்தமாகச் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அதை எடுங்கள். இரண்டிலும் புரதம் ஒட்டியிருப்பதுதான் தெரியும், மரபணு அதனால்தான் ஓடுகிறதா என்பது தெரியாது.

ஆயிரக்கணக்கான புரொமோட்டர் வடிவங்களை ஒரே குழாயில் பார்கோடு போட்டுச் சோதிக்கும் எம்பிஆர்ஏ பெரிய ஆய்வகங்களின் ஆயுதம். நம் கேள்வி ஓர் எழுத்தைப் பற்றியது. தேவையில்லை.

மூன்றாம் கேள்விக்கு, அதாவது சொந்த இடத்தில் அந்த எழுத்து மாறினால் மரபணு நிற்குமா என்பதற்கு, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் திருத்தும் கிரிஸ்பரைத் தவிர வேறு வழியில்லை. இதிலும் மூன்று கிளைகள். கிரிஸ்பரின் வெட்டும் நொதியான கேஸ்9-இல் வெட்டும் திறனை நீக்கி, மரபணுவை அடக்கும் புரதத்தோடு சேர்த்துப் புரொமோட்டரில் உட்காரவைப்பது ஒன்று. எளிது, ஆனால் அது சுற்றுவட்டாரத்தையே அடக்கும், ஓர் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. காட்டா தளத்துக்குள் சாதாரணக் கேஸ்9-ஆல் வெட்டிவிட்டு, செல் தானே தாறுமாறாக ஒட்டுப்போடும்படி விடுவது இரண்டாவது. தளம் உடையும், ஆனால் இயற்கை செய்த அதே மாற்றம் அல்ல. இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அரிவாள் செல் நோய்க்கு 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை செய்வது இதே வேலைதான். பிசிஎல்11ஏ மரபணுவின் சிவப்பணு என்ஹான்சரில் உள்ள ஒரு காட்டா தளத்தை வெட்டி உடைக்கிறது. ஆப்பிரிக்காவில் இயற்கை ஒரு காட்டா தளத்தை மாற்றி மக்களை வைவாக்ஸிலிருந்து காத்தது, மருத்துவம் இன்னொரு காட்டா தளத்தை உடைத்து நோயாளியைக் காக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மூன்றாவது கிளை, அதே எழுத்தை அப்படியே மாற்றுவது. 2017-இல் வந்த அடினின் பேஸ் எடிட்டர் ஏ-வை ஜி ஆக்கும். எதிர் இழையில் நமக்கு வேண்டியது சரியாக அதுதான். அதனால் மாணவர்கள் உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏ-ஜி-ஏ-டி-ஏ-ஏ-ஜி என்பதை மறுபடி பாருங்கள். குறி வைத்த ஏ-வுக்கு இரண்டு எழுத்து தள்ளி இன்னும் இரண்டு ஏ, முன்னால் ஒன்று. எடிட்டரின் சாளரம் நாலைந்து எழுத்து அகலம், பக்கத்து ஏ-க்களும் மாறலாம். அப்படி மாறினால் எந்த மாற்றத்தால் மரபணு நின்றது என்று சொல்ல முடியாது. கேஸ்9-க்கு வேண்டிய ஜி-ஜி அடையாளம் சரியான தூரத்தில் அமைகிறதா என்பதையும் முதலிலேயே வரிசையை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்துக்கு 2019-இல் வந்த பிரைம் எடிட்டிங், இல்லையென்றால் சிறு டிஎன்ஏ வார்ப்பைக் கொடுத்துத் திருத்துவது, இரண்டில் ஒன்றே பொருத்தம் என்பது என் கருத்து.

செல் பற்றிய எச்சரிக்கை இங்கே இன்னும் கடுமையானது. டஃபி மரபணுவே பேசாத செல்லில் அதன் புரொமோட்டரைத் திருத்தி என்ன பயன்? திருத்துவதற்கு முன் ஆர்என்ஏ எடுத்து, ஏசிகேஆர்1 அதில் எழுதப்படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹெல் என்ற சிவப்பணு வழிச் செல்லில் டஃபி புரதம் இருப்பது 1990-களிலேயே தெரிந்தது. முதலில் அதைத் தேடுங்கள். லூசிஃபெரேஸுக்குக் கே562 சரிப்படுவது வேறு விஷயம், அங்கே நாம் வெளியிலிருந்து பிளாஸ்மிட் கொண்டுவருகிறோம். இந்தப் புற்றுச் செல்கள் பலவற்றில் சில குரோமோசோம்கள் மூன்று படியாகக்கூட இருக்கும். எல்லாப் படியும் திருந்தினால்தான் புரதம் முழுக்க மறையும்.

இனி நம் கரையின் நிலவரம். செல் வளர்ப்பு செய்கிறவருக்குத் திரவ நைட்ரஜன் உயிர்மூச்சு. அதை வாங்க மதுரைக்குப் போவதென்றால் 100 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கால்நடை மருந்தகங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருக்கும் அந்த அலுமினியக் கேன்களை நிரப்ப முறையாக நைட்ரஜன் வண்டி வந்துபோகிறது. உங்கள் ஊர் மருந்தக டாக்டரிடம் போய் முறையாகக் கேளுங்கள், எங்கிருந்து வருகிறது, உங்கள் கல்லூரிக் கேனுக்கும் விலைக்கு ஊற்றித் தருவார்களா என்று. உப்புக்காற்று அடுத்தது. லூமினோமீட்டர், பிசிஆர் கருவி போன்றவற்றைக் கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைத்தால் உள்ளே செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். உள்ளறையில் வைத்து, மூடி, ஏசியைவிட ஈரப்பதத்தில் கண் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உறைபெட்டியில் இருக்கும் எதிர்ப்புரதமும் உட்கருச் சாறும் தாங்காது. பிளாஸ்மிட் தாங்கும். உலர்ந்த நிலையில் தபாலில் அனுப்பினால்கூடப் பிழைக்கும். லூசிஃபெரேஸை நான் முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. கணினி வேலையை முதல் மாதத்தில் முடியுங்கள். நான்கு பிளாஸ்மிடைச் சொந்த ஆய்வகத்தில் நீங்களே கட்டுங்கள். அதற்கு உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும், அந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடுங்கள். லூசிஃபெரேஸை ஹெக்293-லும் கே562-லும் செய்யுங்கள். நேரமும் பொருளும் இருந்தால் ஒரே ஒரு ஜெல் ஷிப்ட். சிப் வேண்டாம், திறந்த தரவே போதும். கிரிஸ்பர் திருத்தத்தை மட்டும் மதுரையிலோ ஹைதராபாத்திலோ வசதியுள்ள ஆய்வகம் ஒன்றில் சில மாதம் தங்கிச் செய்யுங்கள். இந்தக் கடைசிப் படி இல்லாவிட்டாலும் ஆய்வேடு நிற்கும், ஆனால் அப்போது முடிவுரையில் "ஓட்டும்" என்று மட்டும் எழுதுங்கள், "இது இல்லாமல் நிற்கும்" என்று எழுதாதீர்கள். முதுகலைத் திட்டத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் கணினியும் நான்கு பிளாஸ்மிடும் ஹெக்293-இல் காட்டா-1 சேர்த்தும் சேர்க்காமலும் செய்யும் சோதனையும் போதும், அதுவே ஒரு முழு வேலை.

வெளி ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். திருத்தச் சாமான்களைச் செலுத்திய செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும்போது, எழுத்து மாறிய குலங்களை (ஒவ்வொன்றும் ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடாதீர்கள். அதே மின்துடிப்பைத் தாங்கி, அதே ஒற்றைச் செல் நிலையிலிருந்து வளர்ந்து, எழுத்து மட்டும் மாறாமல் வந்த குலங்கள் குறைந்தது மூன்று கையில் வேண்டும். ஏசிகேஆர்1 ஆர்என்ஏவையும் செல்லின் மேற்பரப்பு டஃபி புரதத்தையும் அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும், கையே படாத தாய்ச் செல்லோடு அல்ல. அந்த மேற்பரப்புப் புரதத்தை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு நேரம் பதிவு செய்யும்போதே அந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பதியுங்கள்.